மேனேஜர் யார் அறையில்

தங்கை பயணம் முடிந்து வீட்டுக்குள் வந்தால் முதலில் பெட்டி விழும். பிறகு செருப்புகள் ஆளுக்கொரு மூலையில் விழும். பிறகு அவள் சோபாவில் விழுவாள். அவள் விழுந்து அரை நிமிடம் ஆவதற்குள் மேனேஜர் எங்கிருந்தோ வந்து அவள் மடியில் விழும். நான்கு நாள் வீட்டுப் பக்கமே வராதவளுக்கு இந்த உபசாரம். அந்த நான்கு நாளும் தட்டைக் கழுவி, தண்ணீரை மாற்றி, மணல் தொட்டியை அள்ளிச் சுத்தம் செய்த அண்ணன், கையில் ஈரத்துணியோடு சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

மேனேஜர் என்பது பூனை. சாம்பல் நிறம், கழுத்துக்குக் கீழே டை கட்டியதுபோல ஒரு வெள்ளைக் கோடு. நாளுக்கு இரண்டு முறை வீடு முழுவதையும் சுற்றிப் பார்வையிடும். எதிலும் திருப்தி இல்லாத முகத்தோடு ஃபிரிட்ஜ் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். வேலை என்று ஒன்றும் செய்யாது. அதனால் தங்கை வைத்த பெயர் அது.

"என் கண்ணு, உன்னை விட்டுட்டு எப்படித்தான் இருந்தேனோ," என்பாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

"அவனுக்கு நகம் வெட்டி மூணு வாரம் ஆச்சு. வந்ததுதான் வந்தே, கொஞ்சம் பிடிச்சுக்கோ. வெட்டிடலாம்."

"நான் பிடிச்சா என்மேல கோவிச்சுக்குவான். நீயே பாத்துக்கோ அண்ணா. உன்மேல ஏற்கெனவே கோவமாத்தானே இருக்கான்."

அவள் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அண்ணனிடம் விளையாட்டாகச் சொன்னது எதுவும் விளையாட்டாகப் போய்ச் சேராது. இரவு படுக்கும்வரை அது உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

அவன் காது மெஷின் கடையில் அச்சு எடுப்பவன். வருகிறவர்களின் காதுக்குள் மாவு போன்ற ஒன்றை விட்டு, அது இறுகியதும் எடுத்து, அந்த வடிவத்தில் அச்சு செய்வது அவன் வேலை. வலது காதுக்குச் சிவப்புப் புள்ளி, இடது காதுக்கு நீலப் புள்ளி. ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட அவன் மாற்றி வைத்ததில்லை. தங்கை சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டி. அவளுக்கு வலது இடது குழம்பும். "உங்க இடதுபக்கம் பாருங்க," என்று வலது கையை நீட்டுவாளாம், பேருந்தே சிரிக்குமாம். சீட்டுக்கு அடியில் யாரோ விட்டுப் போன மவுத் ஆர்கன் ஒன்று, கேட்க ஆள் வராமல் அவள் பையிலேயே தங்கிவிட்டது. இரண்டே மாதத்தில் வாசிக்கக் கற்றுக்கொண்டாள். அவன் கிடார் வாங்கி, சுருதி பார்க்கும் கருவி வாங்கி, தினமும் இருபது நிமிடம் என்று அட்டவணை போட்டு, பதினான்கு மாதமாக ஒன்பதாவது பாடத்தில் நிற்கிறான். அவன் கிடாரை எடுத்தால் மேனேஜர் எழுந்து வெளியே போகும். அவள் வாசித்தால் வந்து உட்காரும்.

வயிற்றெரிச்சல் என்பதை அவன் ஒப்புக்கொண்டதில்லை. நியாயம் கேட்பதாகத்தான் தனக்குள் சொல்லிக்கொள்வான்.

அன்று சோபாவில் படுத்தபடியே தங்கை சொன்னாள்: "அண்ணா, எனக்குத் தலைமை ஆபீஸ்ல போஸ்டிங் வந்திடுச்சு. அடுத்த மாசக் கடைசியில சேரணும். இனிமே ஊர் சுத்தற வேலை இல்லை. ஒரே இடம், ஒரே நாற்காலி."

"நல்லது. ரொம்ப நல்லது," என்றான். நிஜமாகவே சந்தோஷம்தான்.

"மேனேஜரையும் கூட்டிட்டுப் போறேன். அங்க பால்கனி இருக்கு."

ஈரத்துணி கையிலிருந்து நழுவியது.

"கூட்டிட்டுப் போறியா? நீயா?"

"பஸ் டிப்போல டயருக்குப் பின்னாடி கிடந்தவனைக் கைப்பையில போட்டு எடுத்துட்டு வந்தது யாரு?"

"எடுத்துட்டு வந்தது நீ. மூணு வருஷமா வளர்த்தது யாரு? ஊசி போட்டது யாரு? வயித்துப்போக்கு வந்தப்போ ராத்திரி பகலா..."

"அந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. யாரைப் பிடிச்சிருக்குன்னு அவனையே கேளு."

இதற்கு மேல் பஞ்சாயத்து அம்மாவிடம் போனது. அம்மா போனிலேயே இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கினாள். "ஒருத்தனுக்கு முப்பத்தொண்ணு, ஒருத்திக்கு இருபத்தெட்டு. ஒரு பூனைக்கு அடிச்சுக்கறீங்களே, வெளியில சொல்லிடாதீங்க," என்று வைத்துவிட்டாள்.

யாரைப் பிடிச்சிருக்குன்னு அவனையே கேளு. அந்த ஒரு வாக்கியத்தை அண்ணன் பிடித்துக்கொண்டான். கேட்கலாமே என்று தோன்றியது. முறைப்படி கேட்கலாம்.

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கடை முடிந்து நேரே அவன் மின்னணு மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். புதிதாகச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே பாடம் எடுப்பவரை எல்லோரும் புகை சார் என்பார்கள். எவனாவது வயரை மாற்றிக் கொடுத்து சர்க்யூட் பலகை புகைந்தால் அவர் கை தட்டுவார். "ஒண்ணு போச்சா, இனிமே மறக்க மாட்டே," என்பார். வகுப்பு முடிவதற்குள் ஆளுக்கொரு கருவி செய்து காட்ட வேண்டும். அண்ணன் தன்னுடையதை எழுதிக் கொடுத்தான்: இரண்டு அறைகளில் பூனை எந்த அறையில் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று குறிக்கும் கருவி. கதவு நிலையில் ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர். பூனை குறுக்கே போனால் கதிர் அறுபடும். அறுபட்ட நேரம் பதிவாகும்.

புகை சார் காகிதத்தைப் பார்த்தார். "நீ நடந்தாலும் அறுபடுமே. உன்னையும் பூனைன்னு எழுதிக்குமா?"

அவன் யோசித்துவிட்டு மறுவகுப்பில் விடை கொண்டுவந்தான். கணுக்கால் உயரத்தில் ஒரு கதிர், முழங்காலுக்கு மேலே ஒரு கதிர். கீழே மட்டும் அறுபட்டால் பூனை. இரண்டும் அறுபட்டால் மனிதர். மனிதர்களைத் தனியே ஒரு பட்டியலில் ஒதுக்கிவிடலாம், அதை யாரும் பார்க்கத் தேவையில்லை.

"நல்ல மூளை," என்றார் சார். "சரி, எதைக் கண்டுபிடிக்கறதுக்கு இது?"

"சும்மா, சார்."

தங்கையின் அறை கூடத்துக்கு வலப்பக்கம். அவள் கதவில் சிவப்புப் பெட்டி வைத்தான். தன் கதவில் நீலப் பெட்டி. விதியும் அவனே சொன்னான்: முப்பது நாள், யார் அறையில் அதிக நிமிடமோ அவர்களுக்கு மேனேஜர், கூடமும் ஃபிரிட்ஜ் உச்சியும் பொது இடம், கணக்கில் வராது.

"நான் பாதி நாள் ஊர்லயே இருக்க மாட்டேனே," என்றாள் அவள்.

அது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான். காது மடல் சூடானது.

அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். "பரவாயில்லை, எண்ணிக்கோ. நான் இல்லாட்டாலும் என் ரூம்தான் ஜெயிக்கும், பாரு."

அதுதான் நடந்தது.

பத்தாம் நாள் பார்த்தபோது சிவப்பு ஆயிரத்து இருபது நிமிடம், நீலம் ஐந்நூற்றுத் தொண்ணூறு. அவன் கருவியைத்தான் முதலில் சந்தேகப்பட்டான். எப்போதும் தன் கைவேலையைத்தான் அவன் முதலில் சந்தேகப்படுவான். இரண்டு பெட்டிகளையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினான். பெட்டிதான் மாறியது, எண் மாறவில்லை. மறுபடி பழையபடியே மாட்டினான். தரையில் தவழ்ந்து கதிரைக் கையால் வெட்டிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. ஆளில்லாத ஓர் அறையிடம் அவன் தோற்றுக்கொண்டிருந்தான். அவள் இருக்கும்போது தோற்றாலாவது சிரிப்பு, பாட்டு, மடி என்று ஏதாவது காரணம் சொல்லலாம். மடிக்காத துணிக்கும் சுவரில் குத்திய பயணச்சீட்டுக்கும் தோற்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

அவள் போட்டுவிட்டுப் போன சட்டை ஒன்றை எடுத்துவந்து தன் நாற்காலியில் விரித்து வைத்தான். மேனேஜர் அதை முகர்ந்தது, தும்மியது, அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. அவள் வாசித்ததைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தான், அதை ஓடவிட்டான். பூனையின் காதுகூட அசையவில்லை. தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவன் குறிப்பெழுதும்போது மேசைமேல் வந்து ஒரு மணி நேரம் படுத்திருக்குமே, அதோடு சரி. நீலத்தில் ஏறுவதெல்லாம் அந்த ஒரு மணி நேரம்தான்.

பத்தொன்பதாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது, தங்கையின் அறைக் கதவைச் சாத்தினான். ஜன்னல் வழியாகத் தூசி வருகிறது என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான். கதவின் கைப்பிடி சில்லென்றிருந்தது. படியிறங்கும்போது ஒரு தடவை நின்றான். ஆனால் திரும்பவில்லை.

அன்று வகுப்பு. வீடு வர எட்டு நாற்பது ஆனது. பூட்டைத் திறந்தால் வாசலில் மேனேஜர் இல்லை. அவன் கதவைத் திறக்கும்போது மேனேஜர் மிதியடிமேல் உட்கார்ந்திருக்கும். அது எப்போதும் உள்ளதுதான், பசிக்கு நிற்கிறது என்று அவனும் நேரே தட்டை எடுக்கப் போவான். இன்று கூடத்தின் மறுகோடியில், சாத்திய கதவுக்கு முன்னால் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கதவின் அடியில் பெயின்ட் உரிந்து கோடு கோடாக இருந்தது.

"இவ்வளவு பாசமாடா அவமேல?" என்று கேட்டான். கதவைத் திறந்துவிட்டான். மேனேஜர் உள்ளே போகவில்லை. வந்து அவன் செருப்பை முகர்ந்தது. அன்று அதைத் தூக்க அவன் குனியவில்லை.

இருபத்தெட்டாம் நாள் தங்கை கடைசிப் பயணம் முடிந்து வந்துவிட்டாள். பெட்டிகளைக் கட்ட ஆரம்பித்தாள். முப்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்று வகுப்பில் அவன் கருவியைக் காட்டினான். புகை சார் முதுகில் தட்டினார். ஒரு தடவைகூடப் புகையாமல் செய்தது அவருக்குக் கொஞ்சம் வருத்தம். எண்களை வகுப்பில் இருந்த இயந்திரத்திலேயே அச்சடித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். சிவப்பு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. நீலம் ஆயிரத்து எண்ணூற்றுப் பத்து. வழியெல்லாம், அவளிடம் சிரித்தபடி சொல்வதற்கு ஒரு வாக்கியம் தேடிக்கொண்டே நடந்தான். நடக்கும்போது தரையைப் பார்த்து நடப்பது அவன் வழக்கம்.

கதவைத் திறந்தான். மிதியடிமேல் மேனேஜர். அதற்குப் பின்னால், தன் அறை வாசலில், தங்கை நின்றிருந்தாள். கையில் மவுத் ஆர்கன். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"நீதான் ஜெயிச்சே," என்றான் அவன். தேடிய வாக்கியம் கிடைக்கவில்லை, வந்தது இதுதான். "தட்டு, தொட்டி, சீப்பு எல்லாம் கட்டி வெச்சிடறேன். ஊசி போட்ட அட்டை..."

"அந்தப் பேப்பரைக் குடு."

வாங்கிச் சோபாவில் உட்கார்ந்தாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள். பயணிகள் பட்டியலைச் சரிபார்க்கும் விரல் அது. வேகமாகப் போனது, ஓரிடத்தில் நின்றது.

"பத்தொன்பதாம் நாள் என்ன, என் ரூம்ல பூஜ்யம்?"

"தூசி வந்திச்சு, அதனால..."

"அண்ணா."

"மூடினேன்," என்றான். "வேணும்னுதான் மூடினேன். என்னால பொறுக்க முடியலை."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். "இதுல மனுஷங்க நடந்த லிஸ்ட் இருக்கா?"

"அது எதுக்கு? அதைத் தனியா ஒதுக்கிட்டேனே."

"எடு."

கணினியைத் திறந்து எடுத்தான். அவன் ஒரு தடவைகூடத் திறக்காத பட்டியல். அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"திங்கட்கிழமை மேனேஜர் என் ரூமை விட்டு வெளிய வந்தது எட்டு முப்பத்தேழு. மனுஷன் உன் ரூமுக்குள்ள போனது எட்டு நாப்பத்தொண்ணு. அந்த மனுஷன் யாரு? நீ. இது செவ்வாய்க்கிழமை, வகுப்பு இல்லை. அவன் வெளிய வந்தது அஞ்சு முப்பத்தெட்டு, நீ உள்ள போனது அஞ்சு நாப்பத்தி ரெண்டு. இங்க பாரு, இங்க பாரு, எல்லாம் அப்படியே. தினமும் அஞ்சே காலுக்கு உள்ள போறான். நீ வர வரைக்கும் இருக்கான்."

"என்ன சொல்றே?"

"இன்னைக்குப் பூரா நான் உள்ளதான் இருந்தேன். பெட்டி கட்டினேன், வாசிச்சேன். ஜன்னல் கட்டைமேல உக்காந்துட்டு ஒரு தடவை திரும்பிப் பாக்கலை. என்னடா இவ்வளவு மும்முரம்னு நானும் போய் எட்டிப் பாத்தேன். ஒண்ணுமில்லை, தெருமுனை. அந்த முனையில நீ தலையைக் குனிஞ்சுட்டுத் திரும்பறே. தொப்புனு குதிச்சு ஓடறான், வாசலுக்கு." அவள் காகிதத்தை மடியில் போட்டாள். "உன் ரூம் ஜன்னல் பின்னாடி சுவரைப் பாக்குது. தெரு தெரியறது என் ரூம்ல மட்டும்தான்."

அவனுக்குக் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. வழக்கம்போல் சந்தேகம்தான் முந்திக்கொண்டு வந்தது. "சாப்பாட்டுக்கா இருக்கும். வந்ததும் நான்தானே போடறேன்."

"ஆறு மணிக்கு நானே வயிறு முட்டப் போட்டேன். தின்னுட்டு மறுபடி ஏறி உக்காந்துட்டான்."

"ஒரு நாளை வெச்சு..."

"முப்பது நாள் எண்ணினது நீ," என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்தது. "நீ வகுப்புக்குப் போகப் போக எனக்கு நிமிஷம் ஏறியிருக்கு. எண்ணற மெஷினைச் செய்யப் போயே நீ தோத்திருக்கே. உலகத்துல வேற யாருக்காவது இது வாய்க்குமா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. மவுத் ஆர்கனை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"மூணு வருஷமா ஊர் ஊராப் போயிட்டு வரேன். ஒரு நாளாவது எனக்கு அந்த மிதியடியில நின்னிருக்கானா? நான் வந்து விழுந்ததுக்கு அப்புறம்தான் வருவான். அதுவே பெரிசுன்னு நினைச்சுட்டிருந்தேன். என் ரூம் அவனுக்கு வெயிட்டிங் ரூம்."

அந்த முகத்தை அவன் அடையாளம் கண்டுகொண்டான். ஈரத்துணியோடு சமையலறை வாசலில் நின்றவனின் முகம். அது தங்கைக்கும் வரும் என்று அவன் நினைத்ததே இல்லை. ஒரு கணம் உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதும் உண்மை. மறுகணமே, அப்படிக் குளிர்ந்ததற்காகக் கூசியது.

"விதின்னு பார்த்தா நிமிஷம்தான்," என்றான் மெதுவாக. "விதி நான் போட்டது. அதுவுமில்லாம நான் கதவை மூடினவன். நீ கூட்டிட்டுப் போ."

"கூட்டிட்டுப் போய்? அங்க பால்கனியில உக்காந்து தினமும் அஞ்சே காலுக்கு யாரைப் பாப்பான்?" மேனேஜரைத் தூக்கி, டை போன்ற அந்த வெள்ளைக் கோட்டில் ஒரு விரலால் தேய்த்தாள். "வேண்டாம். எனக்கு முதுகைக் காட்டறவனை வீட்டுல வெச்சுக்க நான் என்ன பைத்தியமா?"

பிறகு அதை அவன் கையில் திணித்தாள். கொஞ்சம் அழுத்தமாகவே திணித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கிளம்பிப் போனாள். பெட்டிகளை அவனே இறக்கி வைத்தான். "நகம் வெட்டிடு," என்று மட்டும் சொன்னாள், பூனையைப் பார்க்காமல்.

அடுத்த சனிக்கிழமை. கடைக்கு அரை நாள் விடுமுறை, மதியமே வீட்டுக்கு வந்துவிட்டான். முதல் தடவையாகத் தெருமுனையில் நின்று நிமிர்ந்து பார்த்தான். இரண்டாம் மாடி ஜன்னலில் சாம்பல் நிறத்தில் ஒரு முகம். பார்த்ததும் மறைந்தது. அவன் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினான்.

சாப்பிட்டு, கிடாரை எடுத்து ஒன்பதாவது பாடத்தை ஆரம்பித்தான். மேனேஜர் எழுந்து வெளியே போனது. பழக்கம்தான். ஆனால் ஃபிரிட்ஜ் பக்கம் போகவில்லை. நீலப் பெட்டியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, சிவப்புப் பெட்டிக்கு உள்ளே போனது. கிடாரை வைத்துவிட்டு அவனும் பின்னாலேயே போனான். கட்டில் இல்லாத, சுவரில் குண்டூசி ஓட்டைகள் மட்டும் மிச்சமிருந்த அறையில், மேனேஜர் ஜன்னல் கட்டையில் ஏறித் தெருமுனையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

மணி நான்கு. அவன்தான் வீட்டிலேயே இருக்கிறானே.

தங்கையின் பேருந்து அவளை இறக்கிவிட்டதும் இதே முனையில்தான். பெரும்பாலும் சனிக்கிழமை, இந்த நேரத்துக்குத்தான். அந்தப் பழைய எரிச்சல், விட்ட இடத்திலிருந்து, அடிவயிற்றில் மெல்லத் தலைதூக்கியது.

போன் அடித்தது. தங்கை.

"என்ன பண்றான் அந்தத் துரோகி?"

தூங்குகிறான் என்று சொல்ல வாய் திறந்தான். அவள் எங்கே பார்க்கப் போகிறாள்?

"உன் ரூம் ஜன்னல்ல இருக்கான்," என்றான்.

"நீ வெளியிலயா இருக்கே?"

"இல்லை. இங்கதான், அவனுக்குப் பின்னாடி நிக்கறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது.

"திரும்பிப் பாக்கறானா?" என்றாள்.

"பாக்கலை."

"நல்லா வேணும்," என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "சரி, எத்தனை நேரம் உக்காந்திருக்கான்னு எண்ணிச் சொல்லு."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவன் குறிப்பேட்டை எடுத்துவந்தான். புதுப் பக்கம் திருப்பி, சிவப்புப் பேனாவால் நேரத்தைக் குறித்தான். நான்கு மணி எட்டு நிமிடம். பிறகு மேனேஜருக்குப் பின்னால், வெறும் தரையில், தெரு தெரியாத இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.